இரண்டாவது பல்பு

என் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது. இதை எங்களுக்குச் சொன்னவர் சித்தப்பாதான். ஓரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் எஞ்சினியர். கேஸ் அடுப்பு ஏன் மஞ்சளாக எரிகிறது, தாம்பரத்துக்கு மேலே பறக்கும் பயிற்சி விமானம் ஏன் அப்படி உறுமுகிறது, சாம்பாருக்குப் புளியை எப்போது கரைத்துவிட வேண்டும் என்று எதைக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

சித்தி இயற்பியலில் எம்.எஸ்ஸி. பெண் பார்க்கப் போனபோது, வேலைக்குப் போவதென்றால் தாராளமாகப் போகட்டும் என்று எங்கள் வீட்டில் சொன்னார்களாம். கல்யாணம் ஆனதும், இப்போது என்ன அவசரம் என்றார்கள். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. சேலையூரில் எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நாங்கள், மாடியில் அவர்கள். மாடியில் ஓர் எம்.எஸ்ஸி. இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள், கீழே நான் அறிவியலில் ஃபெயிலாகிக்கொண்டிருந்தேன். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடிய வருஷம் நான் ஏழாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பில் எங்கள் டீச்சர் பாதி நேரம் "நான் பேசறது கேக்குதா" என்று கேட்பார், மீதி நேரம் நோட்ஸ் சொல்வார். அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னை மாடிக்கு அனுப்பினாள். சித்தி சித்தப்பாவின் பழைய லேப்டாப்பைத் திறந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிமுலேஷனைக் காட்டினாள். திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் லேப் அது. ஓரத்தில் பாட்டரி, வயர், பல்பு எல்லாம் கிடக்கும். மவுஸால் இழுத்து வந்து பொருத்தினால் பல்பு எரியும், வயருக்குள் நீலப் புள்ளிகள் ஊர்ந்து போகும். பல்பே இல்லாமல் பாட்டரியின் இரண்டு முனைகளையும் வயரால் சேர்த்தால் குபீரென்று தீப்பிடிக்கும். முதல் நாள் முழுக்க நான் தீதான் வைத்தேன். சித்தி தடுக்கவே இல்லை. எங்கள் பள்ளியிலும் லேப் இருந்தது; அதன் கதவில் தொங்கிய பூட்டை நாங்கள் நன்றாகப் பார்த்திருக்கிறோம்.

நான் போய்ச் சொல்லி, காலனிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு போன்களிலிருந்து வீடியோ காலில் சேர்ந்துகொண்டார்கள். ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஆட்டோ ஓட்டுபவரின் மகளும் வந்தாள். அவள் அப்பா சாப்பிட வீட்டுக்கு வரும் நேரத்தில்தான் அவள் கைக்கு போன் வரும். அதற்காகவே சித்தி வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றினாள். எனக்குச் சொந்தமாக போன் கிடையாது, தேவையும் இல்லை. சித்தியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடிப்பது நான்தான். அந்தப் பதவியில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

சித்தப்பா அனுமதி கொடுத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அனுமதி என்றால் அதற்கு வாலும் உண்டு. யாரிடமும் காசு வாங்கக் கூடாது, அவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் சத்தம் கூடாது, கேட்ட நேரத்தில் காப்பி வர வேண்டும். லேப்டாப் அவருடையது என்பதை மட்டும் அவர் தனியாகச் சொல்லவில்லை. அது சித்திக்குத் தெரியும்.

சித்தி எதையும் முதலில் சொல்லிவிட மாட்டாள். என்ன நடக்கும் என்று எல்லோரும் யூகிக்க வேண்டும், அப்புறம்தான் நான் மவுஸைத் தொடலாம். யூகம் தப்பினால் அவர்களே "அவுட்" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் மற்றவர்கள் கத்துவோம். தினமும் எல்லோரும் அவுட் ஆனோம். சித்திகூட ஒரு தடவை ஆனாள், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டு விழாத ஓர் இடம் பூமியில் இருக்கிறது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு ஒரு பாட்டரி, வரிசையாக ஒரே வகைப் பல்பு இரண்டு. எந்தப் பல்பு அதிகமாக எரியும் என்று சித்தி கேட்டாள். பாதிப் பேர் முதல் பல்பு என்றார்கள். நானும் அதுதான். அந்த நேரத்தில் காப்பி டம்ளரோடு அறையிலிருந்து வெளியே வந்த சித்தப்பா எங்கள் பின்னால் நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

"இதுல என்ன யோசனை? முதல் பல்புலயே கரெண்ட் கொஞ்சம் செலவாயிடும். மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும். அது டல்லாத்தான் எரியும்" என்றார்.

நான் வயரைச் சேர்த்தேன். இரண்டு பல்பும் ஒரே மாதிரி எரிந்தன. முதல் பல்புக்கு முன்னால், நடுவில், இரண்டாவதற்குப் பின்னால் என்று கரெண்டை அளக்கும் மீட்டரை வைத்துக் காட்டினேன். எங்கே வைத்தாலும் ஒரே அளவு. நான் "அவுட்" என்று கத்தினேன். போன்களிலிருந்தும் ஒவ்வொரு குரலாக அவுட், அவுட் என்று வந்தது. கடைசியில் யாரோ "அங்கிளும் அவுட்" என்றதும் எல்லோரும் சிரித்தோம். எங்களில் ஒருவரைப் பார்த்து எப்படிச் சிரிப்போமோ அதே சிரிப்புதான்.

சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. இது வெறும் கார்ட்டூன், எவனோ உட்கார்ந்து வரைந்து வைத்திருக்கிறான், நிஜ பல்பு இப்படி எரியாது என்றார். இத்தனை வருஷம் இண்டஸ்ட்ரியில் இருப்பவனுக்குப் பொம்மை காட்டுகிறீர்களா என்றார். இரண்டு பல்பு வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அது அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஏரிக்கரைத் தெருப் பெண்ணுக்கு இதெல்லாம் கோபம் என்றே புரியவில்லை போலிருக்கிறது. அவருக்குத் திரை சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். "ரெண்டும் ஒரே மாரிதான் எரிஞ்சிகினு கீது அங்கிள், நல்லா பாருங்க" என்றாள்.

"எரிஞ்சிகினு கீதா? முதல்ல ஒழுங்கா தமிழ் பேசக் கத்துக்கோ. அப்புறம் எனக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கலாம்" என்றார் சித்தப்பா. சித்தி பக்கம் திரும்பி, கண்டவர்களை எல்லாம் சேர்த்தால் இப்படித்தான் ஆகும், இந்தக் கூத்தை இன்றோடு மூட்டை கட்டு என்று சொல்லிவிட்டு, லேப்டாப் மூடியின் மேல் கை வைத்தார்.

சித்தி அவர் கையைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்து, சாதாரணமான குரலில், "நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். அங்கிள் சொன்னதுதான் சரி. முதல் பல்புதான் அதிகமா எரியும். எழுதிக்குங்க" என்றாள்.

திரையில் இரண்டு பல்பும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தன. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் அப்படிச் சொன்னாள். சித்தப்பா கையை எடுத்தார். காப்பியில் சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பொய் சொல்றீங்க சித்தி" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல், "நீ கீழ போ" என்றாள். ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு இறங்கி வந்தேன். அம்மாவிடம் சொல்லி அழுதால், அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், உன் சித்தி பிழைக்கத் தெரிந்தவள், நீயும் கற்றுக்கொள் என்றாள். அப்பாவிடம் போனேன். சித்தப்பா எஞ்சினியர், அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றார். அந்த வீட்டில் மூளை உள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் நான் மாடிக்குப் படிக்கப் போகவில்லை. சித்தியோடு பேசவும் இல்லை. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போக வேண்டுமென்றால் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு வார்த்தை சொல்ல வருபவள் போல வாயைத் திறப்பாள், அப்புறம் உள்ளே போய்விடுவாள். சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது, பொய்க்காரி என்று நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் திறக்கும் வரை வகுப்பு நடந்தது. பிறகு லேப்டாப் அலமாரிக்குப் போனது, சித்தி ஆட்டுக்கல்லை விட்டு கிரைண்டருக்கு மாறியதோடு அவள் முன்னேற்றம் நின்றது. லாக்டவுனில் நாங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினோம் என்று சித்தப்பா இன்றும் கல்யாண வீடுகளில் சொல்கிறார். நடத்தினோமாம்.

இரண்டு பல்பும் ஒன்றுபோல்தான் எரியும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது சித்தி மேல் இருந்த கோபம் இன்னும் ஏறியது. தெரியாமல் சொன்னவள் இல்லை, தெரிந்தே சொன்னவள். பேச ஆரம்பித்திருந்தேன், ஆனால் தீபாவளிக்குப் பலகாரம் வாங்கிக்கொள்ளும் அளவுக்குத்தான்.

இப்போது பொத்தேரியில் கல்லூரிக்குப் போகிறேன். சமீபத்தில் தாம்பரம் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு நின்றபோது அந்த ஏரிக்கரைத் தெருப் பெண்தான் என்னை அடையாளம் கண்டு தோளைத் தட்டினாள். கூடுவாஞ்சேரியில் லேப் டெக்னீஷியன் படிக்கிறாளாம். "மிஸ்ஸு எப்டி கீறாங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் உதட்டைச் சுழித்து, உன்னைத் திட்டும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு அப்புறம் பொய்யும் சொன்னவள்தானே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் வகுப்பில் நடந்ததை அவள்தான் சொன்னாள். சித்தப்பா மேற்பார்வை பார்ப்பதற்காகத் தன் ஆபீஸ் வேலையைக் கூடத்துக்கே கொண்டு வந்து, எதிரே நாற்காலி போட்டு, காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தாராம். சித்தி எல்லோரிடமும், நேற்றைய சர்க்யூட்டை அவரவர் போனில் நீங்களே போட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள், அங்கிள் மீட்டிங்கில் இருப்பதால் சத்தம் போடாமல் அளவை சாட்டில் டைப் செய்யுங்கள் என்றாளாம். ஒவ்வொருவராக டைப் செய்தார்கள். எல்லோருக்கும் மூன்று இடத்திலும் ஒரே அளவு. சித்தி ஒவ்வொன்றுக்கும் "சரி, அடுத்தது" என்று மட்டும் வாயால் சொல்லியிருக்கிறாள். கடைசியில், பரீட்சையில் இதையே எழுதுங்கள் என்று அவளும் டைப் செய்தாள். எதிரே இருந்தவருக்கு அளவு எதுவும் தெரிந்திருக்காது, "சரி" மட்டும்தான் கேட்டிருக்கும்.

"எனக்குத் தனியா ஒண்ணு போட்டாங்க. நேத்து நீ சொன்னதுதான் கரெக்ட்டு, பேச்சை மாத்திக்காதன்னு" என்றாள் அவள்.

எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை என்று கேட்டேன். காலனியில் தினமும் அவர்களோடுதானே விளையாடினேன்.

அவள் சிரித்தாள். "உன்கிட்டயா? மிஸ்ஸுதான் அன்னிக்கே டைப் பண்ட்டாங்களே, இவகிட்ட மட்டும் யாரும் சொல்லாதீங்க, நேரா போய் அவர்கிட்ட கத்திடுவான்னு."

கத்தியிருப்பேன். அந்த நிமிஷமே மாடியேறிப் போய் சித்தப்பா முன்னால் நின்று, நீங்கள்தான் அவுட் என்று கத்தியிருப்பேன். லேப்டாப் அன்றைக்கே அலமாரிக்குப் போயிருக்கும். சித்தப்பா மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த ஜென்மத்தில் தீராது, தீர வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் வாசலில் நின்று வாயைத் திறந்து மூடிய சித்தியை நினைத்தால்தான் தாங்கவில்லை. உண்மையின் பக்கம் நிற்பதாக நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் அவள் எனக்கும் பயந்துதான் வாயை மூடிக்கொண்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.