சுவரோரம் ஒரு விரல் சந்து

ஏற்காட்டில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்ததிலிருந்து என் கணவருக்கு ஹாலில் மரத்தரை போட்டே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. கள்ளக்குறிச்சி வெயிலுக்கு மரத்தரை எதற்கு என்று கேட்டேன். "டைல்ஸ் எல்லார் வூட்லயுந்தான் இருக்குது" என்றார். அதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

சித்திரையில் தேக்குப் பலகைகள் வந்து இறங்கின. உடனே போடக் கூடாதாம். இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றாட விட்டு, இந்த வீட்டுக்கு அவற்றைப் பழக்க வேண்டுமாம். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவர் இதில் கரைகண்டிருந்தார். "புது எடத்துக்கு வந்திருக்குது. அவசரப்படுத்தக் கூடாது" என்றார். வாரக்கணக்கில் நாங்கள் பலகைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். மாமியார் மாலை ஜெபத்தை மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து முடித்தார். கல்யாணத்துக்கு மறுநாள், விடிந்தும் விடியாமலும் என் கையில் பால் பாத்திரத்தைக் கொடுத்ததும் இதே ஹாலில்தான். என்னை யாரும் காற்றாட விட்டதாக நினைவில்லை.

சின்னசேலத்திலிருந்து வந்த கார்பெண்டர் தரையைப் போட்டுவிட்டு, நாலு பக்கமும் சுவரோரம் ஒரு விரல் அளவுக்குச் சந்து விட்டார். மழைக்காலத்தில் மரம் உப்பும், அதற்கு இடம் வேண்டும் என்றார். சந்து தெரியாமல் மறைக்கும் மரச்சட்டத்தைப் பிறகு வந்து அடிக்கிறேன் என்று போனவர் போனவர்தான். என் கணவருக்கு அந்தச் சந்து பெரிய ஞானமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் குனிந்து பார்க்கச் சொல்லி, "மரத்துக்கும் உசுரு இருக்குது. அதுக்குன்னு கொஞ்சம் எடம் உடணும்" என்பார்.

மழைக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூடம் கல்வராயன் மலையில். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும். வேண்டாம் என்றால் இங்கேயே பழைய வகுப்பில் காலத்தை ஓட்டலாம். எனக்கு அந்த வேலை வேண்டும். அதுவரை எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"அஞ்சு நாளா?" என்றார் கணவர். "வூட்ட யாரு பாத்துக்கிறது?"

"உனுக்கு இங்க இன்னாம்மா கொற?" என்றார் மாமியார்.

நான் விடாமல் கேட்டதற்கு, "சரி, பாத்துக்கலாம்" என்று கணவர் எழுந்து போனார். அன்று மாலை ஜெபத்தில் மாமியார் புதுத் தரைக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு, எங்கள் குடும்பத்துக்கு வந்திருக்கும் இந்த இடைஞ்சலை நீக்கும் என்று மனமுருகிக் கேட்டுக்கொண்டார். நானும் பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே மாமனார் சந்திலிருந்து எறும்பு வருவதைப் பார்த்தார். "இன்னா வேல செஞ்சிருக்கான்! சுத்தியும் சந்து உட்டுட்டுப் பூட்டான்" என்று வெள்ளை சிமெண்டைக் குழைத்து நாலு பக்கமும் வழித்து அடைத்தார். வேலை வெகு சுத்தம். கணவர் வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போனது. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "பாத்துக்கலாம்" என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வெயிலே இல்லை. தரை முனகத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் நான் பையில் துணிமணி அடுக்கினேன். மறுநாள் வேலையில் சேர்வதாக எல்லோர் எதிரிலும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் வாசற்கதவு திறக்கவில்லை. கதவுக்கு உள்பக்கம் தரை வயிறு உப்பினாற்போல் எழும்பி நின்றது. கணவர் முதலில் அதன் மேல் ஏறி நின்றார். கொஞ்சம் அமுங்கியது. மாமனாரைக் கூப்பிட்டார். அப்புறம் மாமியாரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு அசையவில்லை.

"பாத்துக்கினு நிக்கிறியே! நீயும் வந்து ஏறும்மா" என்றார் மாமியார். "உன் வெயிட்டும் சேந்தா அமுங்கிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது. இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

"ஓரத்து சிமெண்ட்ட வெட்டி உடுங்க. எறங்கிடும்" என்று கணவரிடம் சொன்னேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

மலைக்கு ஏறும் வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பின்கட்டு வழியாக இறங்கி, குடையை விரித்துக்கொண்டு வீட்டைச் சுற்றித் தெருவுக்கு வந்தேன். ஹால் ஜன்னல் திறந்திருந்தது. மூன்று பேரும் இன்னும் அந்த மேட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் இறங்கினால் எழும்பிவிடுமே.