பூகோளம் டீச்சர் திருத்திய மனு

அந்தப் பள்ளிக்கூடத்தில் உலகப் பிரச்சினைகள் என்றொரு பாடம் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பீரியட். போர், பசி, அகதிகள், உருகும் பனிமலை, இதற்கெல்லாம் ஒரு நல்ல குடிமகன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற பாடம். அதை எடுக்கிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூகோளம் டீச்சர். கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி உலக உருண்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு அலைவாள். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் ஆணை தலைமையாசிரியர் மேஜையில் அவருடைய கையெழுத்துக்காகக் கிடந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. வாசலில் எல்லா நாட்டுக் கொடியும் வரைந்த சுவர், ‘உலகக் குடிமக்கள் மன்றம்’ என்று பலகை மாட்டிய ஏசி அறை. பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு ஆறு கழிப்பறை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் ஏழு மாதமாக ஐந்துக்குப் பூட்டு. திறந்திருந்த ஒன்றில் தண்ணீர் வராது, தாழ்ப்பாளும் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும், மூக்கையும் பிடிக்க வேண்டும், இரண்டு கைக்கும் வேலை. அந்தக் கதவிலேயே ‘உலகில் கோடிக்கணக்கானோருக்குக் கழிப்பறை இல்லை’ என்று ஒரு போஸ்டர். மன்றத்துக்காக டீச்சரே பிள்ளைகளை எழுத வைத்தது. ஒட்ட வேறு இடம் கிடைக்காமல் பியூன் அங்கே ஒட்டிவிட்டுப் போயிருந்தான். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டும். நாற்றத்தால் மட்டும் அல்ல.

பிள்ளைகள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்டுக் குட்டி வக்கீல் என்று பேர் வாங்கிய பெண் ஒருத்தி, நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் பத்து நாள் படுத்துவிட்டு வந்தாள். வந்த அன்றைக்குப் பார்த்து அகதி முகாம்களின் சுகாதாரம் பற்றிப் பாடம்.

“டீச்சர், முகாம்ல இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறைன்னு கணக்கு சொல்றீங்களே, நம்ம கணக்கு என்னன்னு தெரியுமா?”

“தெரியல. நீயே சொல்லு.”

“முன்னூத்திப் பதினாலு பேருக்கு ஒண்ணு. எல்லா வகுப்புலயும் பொண்ணுங்களை எண்ணிட்டு வந்தேன்.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை மூடிவிட்டு, மனு எழுதுவது எப்படி என்று அன்றைக்கே நடத்தினாள். யாருக்கு, என்ன குறை, எப்போதிலிருந்து, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், இந்த நாலும் இல்லாத மனு வெறும் புலம்பல் என்றாள். பிள்ளைகள் கழிப்பறை பற்றி எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார்கள். பழக்க தோஷம், அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘தேதி எங்கே?’ என்று ஓரத்தில் எழுதினாள். கீழே பத்துக்கு எட்டு போட்டு, ‘நன்று. அனுப்பலாம்’ என்று கையெழுத்தும் போட்டாள். திருத்தி வேறு தாளில் எழுதி அனுப்புவார்கள் என்று நினைத்தாள். அவர்களோ, டீச்சரே அனுப்பலாம் என்று எழுதிவிட்டார், மார்க் வாங்கிய தாளுக்குத்தான் மதிப்பு என்று அதையே உறையில் போட்டுக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

“பத்துக்குப் பத்து போட்டிருக்கலாமே,” என்றார் அவள் வீட்டுக்காரர், தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமல். “பதினோரு வருஷம் பொறுத்தாச்சு. ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இரு. உலகத்து நாத்தத்தை எல்லாம் நீதான் கழுவணுமா?”

அடுத்த வாரம் கல்வி அதிகாரியம்மா வந்துவிட்டார். கையில் அந்தச் சிவப்பு மைத் தாள். தலைமையாசிரியர் அறைக்கு டீச்சரையும் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் குழைந்த குழைவைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“சும்மா வகுப்புப் பயிற்சி மேடம். பிள்ளைங்க தெரியாம தபால்ல போட்டுட்டாங்க. பாருங்க, மார்க்கே போட்டிருக்கு.”

“இருக்கட்டும். வந்தது வந்தேன், நேர்லயே பாத்துடறேன்.”

“தாராளமா. டீச்சர், நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.” சொல்லிவிட்டு, மேஜை மேல் கிடந்த அவளுடைய ஆணையை முன்னால் இழுத்து வைத்து, நிதானமாகப் பேனா மூடியைத் திறந்தார். மனுஷனா இவன் என்று நினைத்துக்கொண்டே அவள் அதிகாரிக்கு முன்னால் நடந்தாள்.

வராந்தாவில் இடது பக்கம் போனால் பிள்ளைகளுடைய கழிப்பறை, வலது பக்கம் ஆசிரியர்களுடையது. குட்டி வக்கீலும் இன்னும் நாலு பேரும் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வலது பக்கம் திரும்பினாள்.

வெள்ளை ஓடு, சோப்பு, வாளி நிறையத் தண்ணீர். அதிகாரி எட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார்.

“நல்லாத்தானே இருக்கு. இதுக்கா இவ்வளவு கூப்பாடு?”

இது எங்களுடையது மேடம் என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்து கேளுங்கள் என்று பதினோரு வருஷமாகக் கரடியாய்க் கத்திய வாய்க்கு அது வரவில்லை. “சின்னப் பசங்க மேடம்,” என்று இளித்தாள். ‘நேரில் பார்த்தேன், சுத்தமாக உள்ளது’ என்று அதிகாரி நின்றபடியே அந்தத் தாளில் எழுதினார்.

ஆணை அன்று மாலையே கைக்கு வந்தது. வீட்டுக்காரர் சந்தோஷத்தில் தையல் கடையைச் சீக்கிரம் மூடினார். அவளோ தலைமையாசிரியரைத் திட்டித் தீர்த்தாள், அதிகாரியைத் திட்டித் தீர்த்தாள். ஊருக்கு உபதேசம் பண்ணுகிற தன்னைத் திட்டத்தான் வார்த்தை போதவில்லை. தேய்த்துக் குளித்தும் போகாத அருவருப்பாக இருந்தது, தன் மேலேயே.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் வழக்கம்போல எழுந்து வணக்கம் சொன்னார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. குட்டி வக்கீல் நோட்டும் கையுமாக எழுந்தாள்.

“ஒரு சந்தேகம் டீச்சர். இன்னொரு மனு எழுதறோம். யாருக்கு அனுப்பணும்னுதான் தெரியல.”

“யார் மேல?”

“உங்க மேல.”

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினாள். சாக்பீஸை எடுத்தாள். அந்த அதிகாரிக்கும் மேலே இருக்கிறவரின் பதவி, அலுவலகம், தெரு, கதவு எண் என்று ஒவ்வொரு வரியாகப் பலகையில் எழுதினாள். அதற்குக் கீழே, அதிகாரியை வலது பக்கம் கூட்டிப்போன நேற்றைய தேதியும் மணியும் எழுதினாள். பிள்ளைகள் தலை நிமிராமல் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

“இன்னைக்கே தபால்ல போட்டுடுங்க,” என்றாள். “ஒரு நாள் தள்ளினா, வேண்டாம்மான்னு நானே வந்து கெஞ்சுவேன்.”