துவக்குக் கடையில் ஊசியும் நூலும்

துவக்குக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பொதுவான துன்பம் உண்டு: என்ன வேலை என்று கேட்பவர், பதில் கிடைத்ததும் அரை அடி பின்னால் போய்விடுவார்.

கோயில் திருவிழாவில், கலியாண வீட்டில், ரயிலில், எங்கும் எனக்கு இதுதான் நடந்தது. நான் ஒருநாளும் எந்தத் துப்பாக்கியாலும் சுட்டதில்லை, தைத்தேன். டென்மார்க்கில், நாங்கள் இருக்கிற இக்காஸ்டில் உடுப்புத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது என்னுடைய தையல் மெஷினும் நின்றது. எட்டாம் வகுப்புப் படிப்போடு வேறு எங்கே போவது? பக்கத்து ஊரில் வேட்டைச் சாமான் விற்கிற கடையொன்றின் பின்னறையில், சட்டைகளைத் திருத்திக் கொடுக்க ஆள் தேவை என்றார்கள். முதலாளியின் பேர் யென்ஸ். பேர் சொல்லிக் கூப்பிடு என்று அவர் எத்தனையோ தரம் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை முதுகுக்குப் பின்னால் போய் நின்று இருமித்தான் கூப்பிட்டேன்.

அவருக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகு முன்பக்க மேசையும் என் பொறுப்பாயிற்று. கடை மேசைக்குப் பின்னால் நின்று சீவித்தவர்களே, நீங்கள் பாண் விற்றிருந்தாலும் சரி, பூ விற்றிருந்தாலும் சரி, நான் பட்டது உங்களுக்கு விளங்கும். இப்போது ஓய்வில் இருக்கிறேன். துவக்கு எண்ணெயும் தோலும் கோப்பியும் கலந்த அந்தக் கடையின் வாசம் சில காலைகளில் சும்மா வந்துபோகிறது.

தும்புத்தடி

வேட்டைச் சட்டையின் தோளில் ஒரு தோல் துண்டு வைத்துத் தைப்போம். சுடும்போது துவக்கின் அடிப்பாகம் பதிகிற இடம் அது. ஆளுக்கு ஆள் அந்த இடம் மாறும். இரண்டு விரல் தள்ளித் தைத்தால் தோள் கன்றிப்போகும். ஆகவே ஆள் துவக்கைத் தோளில் வைத்துக் காட்ட வேண்டும், நான் சோக்கட்டியால் கோடு போட வேண்டும். முதலில் வந்தவர் பன்றிப் பண்ணை வைத்திருந்த ஒரு பெரிய உருவம். அந்தச் சின்ன அறையில் அவர் துவக்கைத் தூக்கியதும் என் கையிலிருந்த சோக்கட்டி விழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குத் துவக்கோடு வந்தவர்கள் ஒருவரும் சட்டை தைக்க வந்தவர்கள் அல்லர்.

அவர் துவக்கை மடித்துத் திறந்து, குழல் வெறுமையாக இருப்பதைக் காட்டினார். அதுவும் எனக்குப் போதவில்லை என்று கண்டு, அதை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு மூலையில் நின்ற, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, சுவர் மணிக்கூட்டைக் குறிபார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கோடும் நேராக விழுந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லோரையும் தும்புத்தடியோடுதான் அளந்தேன். முதலாளியே அதன் அடியில் அளவான பலகைத் துண்டொன்றை அடித்துத் தந்தார். அன்று போகும்போது பண்ணைக்காரர் அவரிடம் சொன்னது: "உன்னுடைய புதுத் தையற்காரியோடு கவனம். முதல் நாளே என் ஆயுதத்தைக் கீழே வைக்கப் பண்ணிவிட்டாள்."

முகமும் அட்டையும்

தோட்டாப் பெட்டி கேட்டு யார் வந்தாலும் அனுமதி அட்டையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தெரிந்த முகம், தெரியாத முகம் என்றில்லை. ஒரு வெள்ளி பின்னேரம், கிழமை தவறாமல் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் விடிய அவருக்கு வேட்டை. போன கிழமையும் என்னைத்தானே பார்த்தாய் என்றார். ஓம், போன கிழமை அட்டையையும் பார்த்தேன் என்றேன். சொன்ன பிறகு எனக்குக் காது சூடாகிவிட்டது. வயதில் மூத்த மனிதர்.

முதலாளி பின்னறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார், வெளியே வரவில்லை. ஆசிரியர் விபோர்க் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போய், கடை பூட்டுகிற நேரத்துக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தார். அட்டையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களைத் திருப்பி அனுப்பியது பொலிசா என்று மனைவி கேட்டாள். இல்லை, அதைவிடக் கண்டிப்பான இடம் என்றேன்."

டெக்சாசில் இருந்து வந்தவர்

காற்றாலைக் கம்பனியொன்றில் வேலைக்கு வந்திருந்த தமிழ்நாட்டுப் பொறியியலாளர் ஒருவர், என் பொட்டைக் கண்டு நேரே தமிழில் பேசத் தொடங்கினார். முன்பு டெக்சாசில் இருந்தாராம். அங்கே சனி ஞாயிறுகளில் குறிபார்த்துச் சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி, காரில் ஒன்று. அது மனிதனின் உரிமை, இங்கேயும் ஒன்று வேண்டும் என்றார். இங்கே முதலில் சுடுகிற சங்கம் ஒன்றில் சேர வேண்டும், நெடுநாள் ஒழுங்காகப் போய்வர வேண்டும், பிறகு சங்கமும் பொலிசும் சம்மதிக்க வேண்டும், அதன் பிறகும் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு சோடி கம்பளிக் காலுறையை எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்கு ஏதாச்சும் பர்மிட் வேணுமா ஆன்ட்டி?"

சின்னதாக ஒன்று

தவம் இக்காஸ்டில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறவள். முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் சிவத்துக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. வீடு திரும்ப இரவு பதினொன்றாகும். ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு எஸ்பியர்க்குக்குக் கலியாண வீட்டுக்குப் போன நேரம், பின் கதவை உடைத்து யாரோ உள்ளே போய்விட்டார்கள். தமிழ் வீடுகளில் நகை இருக்கும் என்பது களவெடுப்பவர்களுக்கும் தெரிந்த விசயம். கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு போனது மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு தவம் தனியே வீட்டுக்குள் போவதில்லை. வேலை முடிந்து வந்து, வாசலில் காரை விட்டு, கதவுகளைப் பூட்டிக்கொண்டு, சிவம் வரும்வரை காருக்குள்ளேயே இருப்பாள். மாரிகாலத்தில் போர்வையும் வைத்திருந்தாள். என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். எனக்கு வீடு இருக்க நான் ஏன் அக்கா ஆரின்ரையோ வீட்டிலை இருக்கோணும் என்றாள். தேத்தண்ணிப் போத்தலை மட்டும் கார் யன்னலால் கொடுத்துவிட்டு வருவேன்.

ஒருநாள் கடைக்கு வந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கொரு துவக்கு வேணும். சின்னனாப் பாத்துத் தாங்கோ" என்றாள். மரக்கறிக் கடையில் பூசணிக்காய் கேட்கிற மாதிரி. முதலாளி மேசைக்கு வந்தார். இந்த நாட்டில் துவக்கு வேட்டைக்கும் விளையாட்டுக்கும்தான், வீட்டுக் காவலுக்கு என்று கேட்டால் கிடைக்காது என்று அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நல்ல பூட்டுப் போடலாம், அபாய மணி பூட்டலாம், நாய் வளர்க்கலாம் என்றும் சொன்னார். தவத்துக்கு என்னைவிட நல்ல டெனிஷ் தெரியும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "அப்ப நான் மான் சுடப் போறன் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

கரண்டியும் தாராவும்

மான் சுடுவதற்கும் பரீட்சை உண்டு. தவம் பின்வாங்கவில்லை, வேட்டைக்கான வகுப்பில் சேர்ந்தாள். எந்தப் பறவையை எப்போது சுடலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் பாடம். அவளுடைய முதியோர் இல்லத்தில் படுக்கையாய்க் கிடந்த பழைய வேட்டைக்காரர் ஒருவர் இருந்தார், சாப்பிட மறுப்பவர். அவர் படத்தைக் காட்டுவார், இவள் அது எந்தக் காட்டு வாத்து, எந்தத் தாரா என்று பேரைச் சொல்வாள். சரியாகச் சொன்னால் அவர் ஒரு கரண்டி கஞ்சி குடிப்பார். இவள் பறவைகளைப் படித்து முடித்தபோது அவருக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது.

சுடுவதுதான் வரவில்லை. மண் தட்டை ஆகாயத்தில் எறிவார்கள், பறக்கையில் சுட வேண்டும். கிழமைக்குக் கிழமை தட்டுகள் முழுசாகவே புல்லில் விழுந்தன. அவளுடைய தோள்தான் நீலமானது. அவளுக்கும் ஒரு சட்டை தைத்தேன், தும்புத்தடியால் அளந்து. வீட்டில் சிவத்தின் பகிடி வேறு: தட்டு உடைக்கிறதுக்கு இவ்வளவு செலவழிச்சுப் போகோணுமோ, எங்கட குசினியிலையே நல்லா உடைப்பியே என்றாராம். பயிற்சி கொடுத்த கிர்ஸ்டன் என்ற பெண்தான் விடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஞாயிறு பின்னேரம் தவம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "இவ்வளவு நாளும் ஒவ்வொரு தட்டையும் கள்ளன்ரை தலையெண்டுதான் அக்கா பாத்தனான், ஒண்டிலையும் படேல்லை. இண்டைக்கு வெறும் தட்டெண்டு பாத்தன். எல்லாம் நொருங்கிப் போச்சுது."

இரும்பு அலுமாரி

பரீட்சையில் சித்தியடைந்து, பொலிசின் அனுமதியும் வந்தது. எங்கள் கடையில்தான் வாங்கினாள், ஏற்கெனவே ஒருவர் பாவித்த இரட்டைக் குழல் துவக்கு. அதோடு இரும்பு அலுமாரியும். அலுமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்குவதற்கு முதலாளி தானே போனார், நானும் கூடப்போனேன். துவக்கு எப்போதும் இதற்குள்தான், அனுமதி உள்ள ஆள் தவிர வேறு ஒருவரும் இதைத் திறக்கக் கூடாது, கணவரும்தான் என்று சொல்லிக் கொடுத்தார். தவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பரீட்சைக்குப் படித்த விசயம்தான், ஆனால் சொந்த வீட்டுச் சுவரில் பார்த்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. "அப்ப கள்ளன் வந்தா, கொஞ்சம் பொறுங்கோ தம்பி, அலுமாரியைத் திறந்திட்டு வாறன் எண்டோ நான் சொல்லுறது?"

ஆனாலும் அன்று இரவே அவள் மிஞ்சியிருந்த சங்கிலியையும் காப்பையும் பதக்கத்தையும் துணியில் சுற்றித் துவக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். விசயம் கோயில் வரைக்கும் போனது. அடுத்தடுத்த கிழமைகளில் எங்கள் பெண்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். துவக்கு வேண்டாம், தோட்டா வேண்டாம், அந்த அலுமாரி மட்டும். எத்தனை பவுன் கொள்ளும் என்று என்னிடம் காதுக்குள் கேட்டார்கள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. முதலாளி விலைச்சிட்டைகளை இரண்டு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "உங்கள் ஆட்கள் எல்லோரும் வேட்டைக்கு வந்தால், ஜூலாந்துக் காடுகளில் எங்களுக்கு மான் மிஞ்சுமா?"

சிவத்தின் முறைப்பாடு

சிவம் ஒருநாள் கடைக்கே வந்தார், என்னிடம் நியாயம் கேட்க. அதற்கு முந்தின சனிக்கிழமை ஹேர்னிங்கில் அவருடைய சகோதரியின் மகளுக்குக் கலியாணம். கிர்ஸ்டனின் கூட்டத்தோடு தவம் விடியவே காட்டுக்கோழி வேட்டைக்குப் போய்விட்டாள், மத்தியானம் நேரே மண்டபத்துக்கு வருகிறேன் என்று சொல்லி. பரிசாகக் கொடுக்க வேண்டிய சங்கிலி அலுமாரிக்குள். அலுமாரிப் பூட்டின் இலக்கம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சட்டப்படி அது சரியும்தான். இவர் பட்டு வேட்டியோடு வயல்வெளியில் அவளைத் தேடிப்போய், கூட்டிவந்து, திறப்பித்துக்கொண்டு போனாராம்.

அதோடு முடியவில்லை. வேட்டை முடிகிற நாட்களில் அந்தக் கூட்டம் முழுவதும் இப்போது இவர்களுடைய வீட்டில்தான். சப்பாத்துகள் வாசல் நிறைய, நாய்கள் முற்றத்தில். சிவம் காட்டுக்கோழிக் கறி வைத்து, அவர்கள் உறைப்பில் தண்ணீர் குடிக்கக் குடிக்கப் பரிமாற வேண்டும். வெள்ளிக்கிழமை வேட்டை வைத்தால் மரக்கறிதான் கிடைக்கும் என்று தவம் சொல்லி, அவர்களும் நாளை மாற்றிவிட்டார்கள். இதையெல்லாம் முறைப்பாடு மாதிரித்தான் சொன்னார், ஆனால் போகும்போது கறிக்கு உறைப்புக் குறைக்கவா என்று என்னிடமே யோசனையும் கேட்டார். கதவடியில் நின்று கடைசியாகச் சொன்னது: "இருபது வரியமா இந்தத் தெருவிலை இருக்கிறன் அக்கா, ஒருத்தரும் எனக்குக் கை காட்டினதில்லை. இப்ப பக்கத்து வீட்டுக்காரன் கறி எப்பவெண்டு கேக்கிறான்."

பின் கதவு

என்னுடைய கடைசிக் கிழமையில் தவம் பல் உடைந்த சட்டைச் சிப்பை மாற்ற வந்தாள். முதலாளி முன்பக்க மேசையில் எனக்குத் தெரியாமல் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தவம் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து, முந்தின நாள் நடந்ததைச் சொன்னாள். வேலையால் வந்து பார்க்க, பின் கதவு ஆவென்று திறந்து கிடந்ததாம். சிவம் குப்பை வெளியே வைக்கப் போய், பூட்ட மறந்து வேலைக்கு ஓடியிருக்கிறார். அது பிறகுதான் தெரியும்.

எனக்கு ஊசி நின்றுவிட்டது. என்ன செய்தாய் என்று கேட்டேன். உள்ளே போனேன் என்றாள். லைற்றைப் போட்டு, ஆர் உள்ளுக்கு என்று டெனிஷில் சத்தம் போட்டு, அறை அறையாகப் பார்த்து, குளியலறைத் திரையையும் விலக்கிப் பார்த்து, கதவைச் சாத்தினாளாம். சிவத்துக்குத் தொலைபேசியில் நல்ல பேச்சும் விழுந்ததாம். இதைச் சொல்லிவிட்டுச் சிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு தானே சிரித்தாள்: "எல்லாம் முடிஞ்சு தேத்தண்ணி ஊத்தேக்கைதான் அக்கா நினைவு வந்தது, என்னட்டைத் துவக்கொண்டு கிடக்கெல்லே எண்டு."

இவ்வளவு காலம் துவக்குக் கடையில் நின்ற அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பயத்தோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் துணிவு என்ற சரக்கு எங்கள் கடைத் தட்டுகளில் இருக்கவில்லை, அதை அவர்கள் வேறெங்கோ எடுத்துக்கொண்டு பில்லை மட்டும் எங்களிடம் கட்டினார்கள்.