குதிகாலால் இரண்டு தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நிஜமாக நடந்தது, என் அத்தானுக்கு. அவர் லிஃப்ட் மெக்கானிக். கற்பனை என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. ஒரு கதை சொல்லுங்கள் என்றால் மோட்டார் எரிந்த கதையைத்தான் சொல்வார்.

கோடை வந்தால் எங்கள் நகரத்துப் பூங்காவில் திறந்தவெளி நாடகம் போடுவார்கள். மரங்களுக்கு நடுவே பலகை மேடை, எதிரே புல்தரையில் மடக்கு நாற்காலிகள். அக்கா அந்தக் குழுவின் பழைய நடிகை. போன வருடம் மூளைக் காய்ச்சலில் செத்துப் பிழைத்தாள். உயிர் மிஞ்சியது, ஞாபகம்தான் ஓட்டையாகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிவிடும். இந்தக் கோடையில் டைரக்டர் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார். தடுமாறினால் அதோடு மேடைக்கு முழுக்கு.

வீட்டில் அவளுக்கு வசனம் படித்துக் காட்டியே அத்தானுக்கு முழு நாடகமும் மனப்பாடம். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்தார். பயம் அவருக்குத்தான். மேடை ஏறுமுன் அக்கா கிண்டல் செய்திருந்தாள். "நீங்க ஏன் நடுங்குறீங்க? மறந்தா குழிக்காரர் இருக்காரே."

குழிக்காரர் என்றால் வசனம் எடுத்துக் கொடுப்பவர். மேடையின் முன்விளிம்பில், பலகைக்கு அடியில் ஒரு குழி. அதில்தான் உட்கார்ந்திருப்பார். மறந்தவர் குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால் அடுத்த வரி கீழிருந்து வரும். அந்தக் குழுவில் பல வருடப் பழக்கம் அது.

மாலை ஐந்தரை. சுள்ளென்று வெயில். குழந்தைகள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தார்கள். பேய்க்கு ஏற்ற நேரமே இல்லை.

முதல் காட்சியிலேயே அக்கா நின்றுவிட்டாள். கண்கள் அலைந்தன. அத்தானுக்கு வரி தெரியும். ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

டக். டக்.

பலகைக்கு அடியில் ஒரு இருமல். பிறகு மெல்லிய குரல்... "இந்த வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு."

அக்கா அதைப் பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கினாள். அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் மறுபடி தட்டினாள். மறுபடி இருமல், மறுபடி வரி. அப்போதுதான் ஒன்று உறுத்தியது. பக்கத்து நாற்காலிக்காரர் அசையவே இல்லை. அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

கடைசிக் காட்சியில் அக்கா தட்டவே இல்லை...

குரல் முந்திக்கொண்டது. ஒவ்வொரு வரியும் முதலில் கீழே. பிறகு அவள் வாயில்.

கைதட்டல் ஓய்ந்ததும் டைரக்டர் ஓடி வந்தார். ஒரு வரி பிசகவில்லையே என்று பூரித்தார். குழிக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார் அத்தான்.

டைரக்டரின் முகம் மாறியது.

"யாரும் சொல்லலையா? போன கோடையில, உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, அவர் குழிக்குள்ள உட்கார்ந்தபடியே செத்துட்டார். நாடகம் முடியிறவரைக்கும் யாருக்கும் தெரியல."

அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள்.

அத்தான் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தார். குழி வாய்வரை சிமென்ட். தட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு எலிக்குக்கூட இடமில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தார்கள். அக்கா அவரைக் கூப்பிட வாயெடுத்தாள். பெயர் வரவில்லை. கண்கள் அலைந்தன...

அத்தான் தடுப்பதற்குள்,

டக். டக்.

தரைக்கு அடியில்... ஒரு இருமல்.

பிறகு அவர் பெயர்.

அதன் பிறகு அக்கா எதையும் மறப்பதில்லை. டாக்டரே ஆச்சரியப்படுகிறார். அக்கா தனக்கே ஞாபகம் வருவதாக நினைக்கிறாள். அந்தக் குரல் அத்தானுக்கு மட்டும்தான் கேட்கிறது, ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால். அவர்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் யாரும் குடியில்லை.

யாரையாவது கூட்டி வந்து விரட்டலாமே என்றேன். அத்தான் தரையைப் பார்த்தபடி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"அது போயிட்டா அவ என்னை மறந்துடுவாடா."