மாமாவுக்க சிரிப்பு திரும்பக் கிடைச்சது

கர்த்தருக்குள் பிரியமானவங்களே, எனக்க பேரு ரெஜினா. வீடு பாறசாலைப் பக்கம். 1999-ல நான் எனக்க கையாலேயே ஒரு தப்பு செஞ்சேன். ரெண்டு நாள் செத்தவளைப் போல நடந்தேன்.

எனக்க வீட்டுக்காரர் அப்போ மஸ்கட்டில டிரைவர். மகன் பிறந்தப்பவும் ஞானஸ்நானத்துக்கும் அவருக்கு லீவு கிடைக்கல்ல. அவருக்க அப்பா, எனக்க மாமா, நெஞ்சு நோயில படுத்திருந்தாங்க. ஞானஸ்நானத்தன்னைக்கு மட்டும், "பேரனை நான் ஆக்கும் தூக்குவேன்"னு எழும்பிக் கோயிலுக்கு வந்துட்டாங்க. லீவில வந்த வின்சென்ட் அண்ணன், மஸ்கட்டில எனக்க வீட்டுக்காரர்கூட இருக்கிற கூட்டுக்காரர், பிலிம் இல்லாத புது டிஜிட்டல் கேமராவில படம் எடுத்தாரு. மாமா பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சு வாய்விட்டுச் சிரிக்கிற படம்.

பத்தே நாள். மாமா போயிட்டாங்க. அடக்கத்துக்கும் எனக்க வீட்டுக்காரரால வர முடியல்ல. போனில ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "அப்பா பிள்ளையைத் தூக்கின படத்தை வின்சென்டுக்க கையில குடுத்துவிடு."

பிள்ளையை இன்னும் ரெண்டு படம் எடுக்கச் சொல்லி அண்ணன் கேமராவை எங்க வீட்டில வச்சிருந்தாரு. எடுக்கப் போனா, படம் சேருற கார்டில இடமில்லைன்னு காட்டிச்சு. பட்டனை அமுக்கினேன். ஃபார்மேட் செய்யவான்னு இங்கிலீஷில கேட்டுது. அப்படின்னா எல்லாத்தையும் அழிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது; இடம் உண்டாக்கத்தான் கேக்குதுன்னு ஆமான்னு அமுக்கிட்டேன்.

ஒரு படம்கூட இல்லை.

ரெண்டு நாள் யாருட்டயும் சொல்லல்ல. கேமரா தானே கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லலாமான்னுகூட நினைச்சேன். அடுக்களையில முழங்கால் போட்டேன். படத்தைக் கேக்கத்தான் போனேன். வாயில வந்ததோ, "ஆண்டவரே, உண்மையைச் சொல்ல பெலன் தாரும்." எழும்பி மாமியிட்ட போனேன். "மாமி, நான் ஆக்கும் அழிச்சது." மாமி திட்டல்ல. கூட இருந்து அழுதாங்க. பிறகு, "வா மக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம்"னு ஜெபிச்சாங்க.

வின்சென்ட் அண்ணனுட்ட சொன்னேன். "அதுக்குப் பிறகு படம் எடுத்தியா?"ன்னு கேட்டாரு. பயத்தில நான் தொடவே இல்லை. "அப்போ வழி உண்டு"ன்னு, நெய்யாற்றின்கரையில கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கிற பிந்து டீச்சரிட்ட எங்களைக் கூட்டிட்டுப் போனாரு. மறுநாள் அவருக்கு விமானம்.

"கரையண்ட சேச்சி, நமுக்கு நோக்காம்," அழவேண்டாம் அக்கா, பாக்கலாம்னு டீச்சர் மலையாளத்தில தைரியம் சொன்னாங்க. கார்டில படங்களுக்க பட்டியல்தான் அழிஞ்சிருக்கும், மேல வேற படம் விழாத வரைக்கும் பழசு உள்ள கிடக்கும்னாங்க. முதல் தடவை ஒண்ணும் வரல்ல. ரெண்டாவது வேற புரோகிராம் போட்டாங்க. பாதியில கரண்ட் போச்சு. மாமியும் நானும் பெஞ்சில இருந்து ஜெபிச்சுட்டே இருந்தோம். கரண்ட் வந்ததும் டீச்சர் திரும்ப முதல்ல இருந்து தொடங்கினாங்க.

படங்க ஒவ்வொண்ணா வந்துது. சிலது பாதிதான். மாமாவுக்க படம் மேலயிருந்து மெதுவா இறங்கிச்சு. நரைச்ச முடி. கண்ணு. சிரிப்பு. பிள்ளைக்க முகம். அதுக்குக் கீழ வெறும் சாம்பல் நிறம். போதும்! மாமி டீச்சரைக் கட்டிப்பிடிச்சு, "இந்தா சிரிக்காரு எனக்க ஆளு!"ன்னு சத்தம் போட்டாங்க. படிக்க வந்த பிள்ளைக எல்லாம் கை தட்டிச்சு.

அன்னைக்கே படத்தைப் பிரிண்ட் எடுத்து அண்ணனுக்க கையில குடுத்துவிட்டோம். அடுத்த வாரம் மஸ்கட்டிலயிருந்து எனக்க வீட்டுக்காரருக்க போன் வந்துது. "ரெஜி, அப்பாவுக்க மூக்குதான் மகனுக்கு, கண்டியா?"ன்னு சிரிச்சாரு. அப்பா போன பிறகு அவர் சிரிச்சு நான் கேட்டது அன்னைக்குத்தான்.

முன்னெல்லாம் தப்பு செஞ்சா மூடி வைக்கிறவ நான். இப்போ அது இல்லை. உங்களுக்குள்ளயும் யாருட்டயும் சொல்லாத பாரம் உண்டா? முதல்ல ஆண்டவரிட்ட சொல்லுங்க. எழும்பிப் போய், சொல்ல வேண்டியவங்களிட்டயும் சொல்லுங்க. எனக்க வாயை அவர் முதல்ல திறந்தாரு. பிறகு படத்தையும் தந்தாரு. நம்பி முழங்கால் போடுங்க, உங்களையும் அவர் கைவிடமாட்டாரு.