முழுதும் படித்தது

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கட்டு அக்கா' என்று பெயர். ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் இருபத்திரண்டு வருஷ அனுபவம். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாத ஆள். அந்த வாய்க்கு வடிகாலாகத்தான் பதினோரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் முந்நூறு நர்ஸுகளுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பிவந்தாள். புண் சிகிச்சையில் புதிதாக வந்த ஆராய்ச்சிகள், வார்டில் தான் கண்டதைப் பற்றி ஒரு குறிப்பு, ஒரு புத்தக விமர்சனம். விமர்சனத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு பேராசிரியரின் தடிப் புத்தகத்தைப் பற்றி, 'இவர் புண்ணைப் படத்தில்தான் பார்த்திருப்பார்' என்று எழுதியவள். பதில் மட்டும் யாரும் போடமாட்டார்கள். கிணற்றில் போட்ட கல்தான்.

ஒவ்வொரு ஆராய்ச்சிக்குக் கீழேயும் 'முழுதும் படித்தது' அல்லது 'சுருக்கம் மட்டும்' என்று போடுவது அவள் வழக்கம். பல கட்டுரைகளில் முதல் பக்கச் சுருக்கம்தான் எல்லோருக்கும் திறக்கும். படிக்காததைப் படித்தேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வாரம் சொன்னாள். கடிதம் வேண்டும் என்று ஒரு பெரிய டாக்டர் புதிதாகச் சேர்ந்திருந்தார். பட்டியலில் அவர் பெயரைப் பார்த்ததும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. கால் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டாம், மூன்று நாளுக்கு ஒருமுறை போதும் என்றது ஒரு கட்டுரை. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு 'முழுதும் படித்தது' என்று போட்டாள். அவர் மெச்சவேண்டும் என்ற அற்ப ஆசை, வேறென்ன?

எழுதியவரிடம் கேட்டிருந்த முழுக் கட்டுரை செவ்வாய் மதியம் வந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு வரி: சர்க்கரை நோயாளிகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களில் பலருக்குக் கட்டுக்குள்ளே புண் அழுகினாலும் வலி தெரியாது. மூன்று நாள் பார்க்காமல் விட்டால் காலுக்கே ஆபத்து.

கணவருக்குப் போன் போட்டாள்.

"இதுக்கா இப்படிப் பதறுறே? வர்ற சனிக்கிழமை கீழ ஒரு வரி சேத்துடு. யாரு படிக்கிறாங்க?"

"ஒருத்தர் படிச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். நல்ல மனுஷன்தான், ஆனால் புண்ணைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்.

ஆஸ்பத்திரி கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, பெரிய டாக்டர் உட்பட அத்தனை பேருக்கும் எழுதினாள். 'சர்க்கரை உள்ளவர்களுக்குக் கட்டை உடனே பிரித்துப் பாருங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, முழுதும் படித்ததாகப் பொய் சொன்னேன்.' பொய் என்ற சொல்லை இரண்டு தரம் அழித்தாள். மூன்றாம் தரம் அப்படியே விட்டு அனுப்பினாள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. எங்கோ ஒரு சின்ன கிளினிக்கில் ஒற்றை ஆளாக வேலை பார்க்கும் நர்ஸ்.

"அக்கா, நீங்க முழுசாப் படிச்சதாப் போட்டிருந்தீங்களேன்னு எங்க டாக்டர்கிட்ட மல்லுக்கட்டி, மூணு நாளைக்கு ஒருதரம்னு மாத்தினேன். இங்க ஒரு பெயின்டருக்குச் சர்க்கரை. ஞாயித்துக்கிழமை கட்டினது."

"பிரிம்மா. இப்பவே பிரி. நான் லைன்லயே இருக்கேன்."

கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பெயின்டர் என்னவோ கேட்டார். கட்டு அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சுத்தமா இருக்கு அக்கா. வாடைகூட இல்ல."

அவள் உடைந்து அழுதாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னை மன்னிச்சுடும்மா" என்றாள்.

மறுமுனையில் புதுக் கட்டுச் சுற்றும் சரசரப்பு கேட்டது.

"பரவால்லக்கா. அந்தக் கட்டுரைய எனக்கு அனுப்புங்க. இனிமே நானே படிச்சுப் பாத்துக்கறேன்."

பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட அவளிடம் முழுக் கட்டுரையைக் கேட்டதில்லை; அவள் படித்தேன் என்று சொன்னாலே போதும் என்றிருந்தார்கள். மனசு வலித்தது. வலியோடு அனுப்பிவைத்தாள்.