சலூன்காரரின் போர்

மூன்று நாற்காலி, ஒரு டி.வி. அவ்வளவுதான் கடை. போர் ஆரம்பித்ததிலிருந்து சலூன்காரருக்குக் கத்தி ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்தால் போதும், சோப்பு நுரைக் கையோடு கை தட்டுவார். உட்கார்ந்திருப்பவர் காது தப்புவது அவரவர் செய்த புண்ணியம்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. தெருநாய் அடிபட்டாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது செத்த குழந்தைகளைக் காட்டினாலும், "வளர்ந்தா நம்மளத்தானே சுடும்" என்கிறார். பக்கத்துக் கடை டெய்லர், பல வருஷத்துச் சிநேகிதர், "போதும்யா, நிறுத்தித் தொலைக்கட்டும்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். "எழுந்திரு! துரோகிக்கு இங்க நாற்காலி கிடையாது" என்று சலூன்காரர் அவர் கழுத்துத் துண்டை உருவிவிட்டார். என்னைக் கேட்டால், மனுஷன் கெட்டது அன்றைக்குத்தான். தெருவோ மெச்சிக்கொண்டது.

ஒரே மகன் போர்முனையிலிருந்து விடுமுறையில் வந்தான். தாயில்லாப் பிள்ளை, மனசில் இருப்பதைக் கொட்ட அப்பாவை விட்டால் ஆளில்லை. வீட்டில் வாயெடுத்தவனை, "கடையில வந்து சொல்லுடா, எல்லாரும் கேக்கட்டும்" என்று இழுத்துவந்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"எத்தனை பேர்டா?"

"ஒருத்தன்பா. வீட்டுக்குள்ள நுழைஞ்சோம். கண்ணாடி முன்னாடி சவரம் பண்ணிக்கிட்டிருந்தான். முகமெல்லாம் சோப்பு. திரும்பினான், சுட்டுட்டேன். எனக்குத் தூக்கமே வரலப்பா."

நாள் முழுக்க சலூன்காரர் தொடுகிற சோப்பு முகம் அது. மகன் தோளில் கை வைத்திருந்தாலே போதும். ஆனால் கடையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விடுடா, ஒரேயடியா வழிச்சு அனுப்பிட்டே!"

கடை குலுங்கிச் சிரித்தது. மகன் அவரையே பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பயந்தது அவர் ஒருவர்தான்.

விடுமுறை முடியுமுன்பே மகன் பெட்டியைக் கட்டினான். வழியனுப்பத் தெருவே பஸ் நிலையத்தில் கொடியோடு நின்றது. 'போகாதேடா' என்று தொண்டைவரை வந்தது அவருக்கு. எந்த வாயால் சொல்வது? குனிந்து காதருகே, "இப்ப தூக்கம் வருதாடா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா வருதுப்பா. அன்னைக்குக் கடையில சிரிச்சோம்ல, அதுலேர்ந்து எனக்கு எதுவுமே தோணறதில்ல."